அழகான தளம், வராத அழைப்பு: கட்டடக் கலை நிறுவன இணையதளத்தின் கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்தல்

சுவரில் ஈரக்கறை தெரிகிறது என்று ஒருவர் வந்து சொன்னால், எந்தக் கட்டடக் கலைஞரும் கறையின் மேல் வண்ணம் பூசச் சொல்ல மாட்டார். மேலே குளியலறை இருக்கிறதா, மொட்டை மாடியில் நீர் தேங்குகிறதா, குழாய் எந்த வழியாக இறங்குகிறது என்று தேடிக்கொண்டு போவார். கறை ஓரிடத்தில், கசிவு வேறிடத்தில் என்பது அவருக்குத் தெரியும். அதே மனிதர் தன் இணையதளத்தைப் பற்றிப் பேச வரும்போது மட்டும், "பழசாகிவிட்டது, புதிதாகச் செய்துவிடலாம்" என்றுதான் தொடங்குகிறார். "இங்கே மாடிப்படி, அங்கே மூன்று அறை" என்று தீர்வைக் கையில் வைத்துக்கொண்டு வரும் வாடிக்கையாளர்களைப் பற்றி அலுத்துக்கொள்கிறவரும் இவர்தான்.

இத்தகைய அலுவலகங்களுக்குத் தளம் அமைப்பதும், பிறர் அமைத்ததைப் பழுதுபார்ப்பதும் என் வேலை. புதிய தளம் வேண்டும் என்று வந்தவர்களில் பலருக்கு ஓரிரு நாள் பழுதுபார்ப்பே போதுமானதாக இருந்தது. கீழே உள்ளவற்றை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் தளத்தில் தெரியும் அறிகுறிக்கு நேராகப் போகலாம். ஆனால் அதற்கு முன் இரண்டு சோதனைகள் உண்டு.

முதல் சோதனை: சில ஆண்டுகள் பழைய, சாதாரணக் கைபேசி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அலுவலக வைஃபையைத் துண்டித்துவிட்டு, மொபைல் டேட்டாவில், மறைநிலைச் சாளரத்தில் உங்கள் தளத்தைத் திறந்து பாருங்கள். உங்கள் கணினி அந்தப் படங்களை ஏற்கெனவே சேமித்து வைத்திருப்பதால், உங்களுக்கு மட்டும் அது எப்போதும் வேகமாகவே திறக்கும். இரண்டாவது: கட்டடத் துறையோடு தொடர்பில்லாத ஒருவரிடம் அந்தக் கைபேசியைக் கொடுத்து, "இவர்கள் எந்த மாதிரிக் கட்டடங்கள் செய்கிறார்கள், இவர்களோடு எப்படிப் பேசுவது என்று கண்டுபிடித்துச் சொல்லுங்கள்" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். இரண்டாவதுதான் கடினம். அவர் தவறான இடத்தில் தொடும்போதெல்லாம் "அங்கே இல்லை, மேலே" என்று சொல்லத் தோன்றும். சொல்லாதீர்கள். அவர் தயங்கும் ஒவ்வோர் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்புதான் உங்கள் நோய்ப் பட்டியல்.

அறிகுறி: விசாரணை ஒன்றுகூட வருவதில்லை

வடிவமைப்பைக் குறை சொல்வதற்கு முன்னால் தொடர்புப் படிவத்தைச் சோதியுங்கள். உங்கள் நிறுவன முகவரி அல்லாத, வெளி மின்னஞ்சல் முகவரி ஒன்றைக் கொடுத்துப் படிவத்தை நிரப்பி அனுப்புங்கள். ஐந்து நிமிடத்தில் கடிதம் வரவில்லையா? ஸ்பேம் கோப்புறையைத் திறவுங்கள். ஒரு முறை, "தளத்தால் பயனே இல்லை" என்று ஓர் ஆண்டாகப் புலம்பிக்கொண்டிருந்த அலுவலகம் ஒன்றில் நான் செய்த முதல் வேலை அதுதான். ஒரு பள்ளி விரிவாக்கம், இரண்டு வீடுகள், ஒரு சிறு மருத்துவமனை எல்லாம் ஸ்பேமில் கிடந்தன. அன்று அந்த அறையில் வெகுநேரம் யாரும் பேசவில்லை.

இதன் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். படிவத்தை அமைத்தவர், அனுப்புநர் இடத்தில் பார்வையாளரின் முகவரியையே போட்டிருப்பார். பதில் அனுப்ப வசதியாக இருக்கும் என்று நினைத்திருப்பார். ஆனால் அந்த முகவரியின் பெயரால் கடிதம் அனுப்ப உங்கள் சர்வருக்கு அதிகாரம் இல்லை. பெறும் அஞ்சல் சேவை இதைப் போலிக் கடிதமாகவே எடுத்துக்கொண்டு ஒதுக்கிவிடும், அல்லது ஏற்கவே மறுத்துவிடும். அனுப்புநர் இடத்தில் உங்கள் சொந்தக் களப்பெயரில் (டொமைன்) உள்ள முகவரி இருக்க வேண்டும். பார்வையாளரின் முகவரி, பதில் செல்ல வேண்டிய இடத்தில் தனியாக இருக்க வேண்டும். கூடவே உங்கள் களப்பெயருக்கு எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் ஆகிய மூன்று பதிவுகளும் சரியாக இருக்கின்றனவா என்று தளத்தைப் பராமரிப்பவரிடம் கேளுங்கள். இந்தக் கடிதம் உண்மையிலேயே உங்களிடமிருந்து வருகிறது என்பதற்கான சான்று அவை. படிவத்தில் வருவது ஒவ்வொன்றும் தளத்தின் தரவுத்தளத்திலும் ஒரு நகல் சேர்ந்துவிடும்படி செய்துவிட்டால், அஞ்சல் தவறினாலும் விசாரணை தவறாது.

படிவம் ஒழுங்காக வேலை செய்கிறது, ஆனாலும் வரவில்லை என்றால் அதில் எத்தனை கட்டங்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். மனையின் பரப்பு, உத்தேச நிதி, தொடங்கும் தேதி எல்லாவற்றையும் கட்டாயமாக்கியிருந்தால், இன்னும் மனையே வாங்காத ஒருவர் அங்கேயே நின்றுவிடுவார். பெயர், தொடர்பு வழி, என்ன கட்ட நினைக்கிறார் என்று ஒரு பத்தி ஆகியவை போதும். மற்றவை தொலைபேசியில் கேட்க வேண்டியவை. தொலைபேசி எண்ணைப் படமாகப் போட்டிருக்கிறீர்களா? எழுத்தாக மாற்றி, தொட்டால் அழைக்கும் இணைப்பாகவும் ஆக்குங்கள்.

அறிகுறி: முகப்பு திறக்க நேரமாகிறது

எந்த மாதிரித் தாமதம் என்று முதலில் பிரித்துப் பாருங்கள். இரண்டு மூன்று விநாடிகள் வெறும் வெள்ளைத் திரை நின்று, பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் வந்தால் கோளாறு சர்வரிலோ, தளத்தில் அடுக்கிவைத்த செருகுநிரல்களிலோ இருக்கிறது. மெனுவும் எழுத்தும் வந்துவிட்டுப் படத்தின் இடம் மட்டும் காலியாக நின்றால் கோளாறு படத்தில். பூஜ்யத்திலிருந்து நூறு வரை எண் ஓடி, நிறுவனத்தின் சின்னம் கோடு கோடாக வரையப்பட்டு, அதன் பிறகு தளம் திறந்தால் அது கோளாறே அல்ல, யாரோ விரும்பிச் செய்தது. நீக்கிவிடுங்கள். இணையத்தில் அசைபடங்களை ஓட்டிய ஃப்ளாஷ் மென்பொருளின் காலத்தில் அதற்கு ஒரு நியாயம் இருந்தது. ஃப்ளாஷுக்கு அளித்த ஆதரவை அதன் நிறுவனமே 2020 டிசம்பர் 31 அன்று நிறுத்திவிட்டது. அதன் ஆவி மட்டும் இன்னும் கட்டடக் கலைத் தளங்களின் வாசலில் உலவுகிறது.

கட்டடக் கலைத் தளங்களில் பெரும்பாலும் குற்றவாளி படம்தான். புகைப்படக் கலைஞர் கொடுத்த கோப்பு 6000 பிக்சல் அகலமும் 4000 பிக்சல் உயரமும் கொண்டது என்று வைத்துக்கொள்வோம். அதாவது 2 கோடியே 40 லட்சம் பிக்சல்கள். ஒரு கைபேசித் திரையை அகலவாக்கில் நிரப்ப 1200 பிக்சல் போதும். 1200க்கு 800 என்றால் பத்து லட்சத்துக்கும் குறைவு. தேவையைப் போல் இருபத்தைந்து மடங்கை அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். "நன்றாகச் சுருக்கித்தானே போட்டிருக்கிறோம், கோப்பு சிறியதுதானே" என்று சிலர் கேட்பார்கள். கோப்பு சிறியதாக இருந்தாலும், திரையில் காட்டுவதற்காக உலாவி அதை நினைவகத்தில் விரிக்கும்போது ஒரு பிக்சலுக்கு 4 பைட் வீதம் 96 எம்பி வேண்டும். அப்படிப் பத்துப் படங்கள் ஒரே பக்கத்தில் இருந்தால் பழைய கைபேசி திணறத்தான் செய்யும்.

தீர்வு: ஒவ்வொரு படத்துக்கும் 480, 800, 1200, 1800, 2400 பிக்சல் என்று பல அகலங்களில் பதிப்புகளை உருவாக்கி, எது தேவையோ அதை உலாவியே எடுத்துக்கொள்ளும்படி விடுவது. சோர்ஸ்செட் என்னும் குறிப்பு இதற்காகவே இருக்கிறது. தளங்களை உருவாக்கி நிர்வகிக்க உதவும் வேர்ட்பிரஸ் போன்ற அமைப்புகள் இதைத் தாமாகவே செய்யும். நீங்கள் வாங்கிய அலங்கார வார்ப்புரு பல நேரம் அதைக் கெடுத்துவைத்திருக்கும். வடிவத்தைப் பொறுத்தவரை ஜேபெக்குக்குப் பதில் வெப்பி அல்லது ஏவிஐஎஃப் பயன்படுத்தினால் அதே தரத்தில் கோப்பு இன்னும் இளைக்கும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. படங்கள் தாமதமாக ஏறட்டும் என்னும் அமைப்பை எல்லாப் படங்களுக்கும் ஒட்டுமொத்தமாக இட்டுவிடுவார்கள். கீழே இருக்கும் படங்களுக்கு அது நல்லது. பக்கம் திறந்ததும் தெரியும் முதல் படத்துக்கும் அதையே இட்டால், தளம் முன்பைவிட மெதுவாகிவிடும். முதல் படத்துக்குத் தாமதம் கூடாது, முன்னுரிமைதான் வேண்டும். அதேபோல் ஒவ்வொரு படத்துக்கும் அகலம், உயரம் இரண்டையும் குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் படம் வந்து இறங்கும்போதெல்லாம் எழுத்து கீழே தள்ளப்படும், படிக்கிறவர் வரியைத் தவறவிடுவார்.

தானாக நகரும் ஐந்து படச் சட்டம் முகப்பில் இருந்தால் எடுத்துவிட்டு ஒன்றை மட்டும் வையுங்கள். எந்த ஒன்று என்று அலுவலகத்தில் சண்டை வரும். அந்தச் சண்டையைத் தவிர்ப்பதற்காகத்தான் பல இடங்களில் ஐந்து இருக்கிறது.

சரியாகிவிட்டதா என்று அளக்க கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் இலவசமாகவே கிடைக்கிறது. பக்கத்தின் பெரிய உறுப்பு திரையில் வந்துசேர 2.5 விநாடிக்குள், பக்கம் குலுங்கும் அளவு 0.1க்குள், தொட்டால் பதில் கிடைக்க 200 மில்லிவிநாடிக்குள் என்பவை அங்கே 'நன்று' என்பதற்கான எல்லைகள். நூற்றுக்கு நூறு வாங்கத் துடிக்க வேண்டாம். படமே இல்லாத தளம் நூறு வாங்கும், உங்களுக்கு அதனால் என்ன?

அறிகுறி: படங்களின் நிறம் வெளுத்தோ மாறியோ தெரிகிறது

செங்கல் சுவர் சாம்பல் பூத்தாற்போல் இருக்கிறது, மரம் உயிரற்றுத் தெரிகிறது என்றால் திரையைக் குறை சொல்லாதீர்கள். படம் அடோபி ஆர்ஜிபி வண்ணவெளியில் சேமிக்கப்பட்டிருக்கும். அதற்கான குறிப்பு கோப்புக்குள் இருக்கும்வரை இன்றைய உலாவிகள் சரியாகவே காட்டும். ஆனால் தளம் அந்தப் படத்தைச் சிறிதாக்கும்போது குறிப்பைக் கழற்றி எறிந்துவிடுவது உண்டு. குறிப்பு இல்லாத படத்தை உலாவி, இணையத்தின் வழக்கமான வண்ணவெளியான எஸ்ஆர்ஜிபி என்றே எடுத்துக்கொள்ளும், நிறம் வெளுத்துப்போகும். அச்சுப் பிரசுரத்துக்காகச் சிஎம்ஒய்கேயில் தயாரித்த கோப்பை அப்படியே ஏற்றினாலும் இதே வகைக் கலவரம்தான். ஏற்றுவதற்கு முன்பே எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

அறிகுறி: வரைபடங்கள் புகைமூட்டமாகத் தெரிகின்றன, யாரும் நின்று பார்ப்பதில்லை

ஏ1 தாளின் அகலம் 841 மில்லிமீட்டர். கைபேசித் திரையின் அகலம் சுமார் 70 மில்லிமீட்டர். அலுவலகத்தில் வரைந்த தாளை அப்படியே ஏற்றினால் அது பன்னிரண்டு மடங்கு சுருங்குகிறது. 0.25 மில்லிமீட்டர் கோடு 0.02 ஆகிறது. 2.5 மில்லிமீட்டர் உயர எழுத்து 0.2 ஆகிறது. நெருக்கமான கோடுகளால் நிரப்பிய, அதாவது ஹேட்ச் போட்ட, இடமெல்லாம் கோடுகள் ஒன்றோடொன்று கலந்து அலையலையான மாயக்கோலம் உண்டாகிறது. ஜேபெக்காகச் சேமித்திருந்தால் ஒவ்வொரு கோட்டைச் சுற்றியும் அழுக்குப் படிந்தாற்போல் புள்ளிகள் வேறு.

கோப்பு வடிவத்தை மாற்றினால் பாதி சரியாகும். கோடுகளால் ஆனவற்றுக்கு எஸ்விஜி பொருத்தமானது, எவ்வளவு பெரிதாக்கினாலும் கூர்மை குறையாது. ஆனால் வரைவு மென்பொருளிலிருந்து நேராக ஏற்றுமதி செய்த எஸ்விஜியில் ஒவ்வொரு ஹேட்ச் கோடும், ஒவ்வொரு மரத்தின் இலையும் தனித்தனிப் பொருளாக உட்கார்ந்திருக்கும். கோப்பு புகைப்படத்தைவிடப் பெரிதாகிவிடும். அப்படிப்பட்ட வரைபடத்துக்குப் பிஎன்ஜியே மேல்.

மீதிப் பாதி மறுபடி வரைவதில்தான் இருக்கிறது. வெட்டுப்பட்ட சுவர்களைக் கறுப்பாக நிரப்புங்கள். அளவுக் கோடுகள், தூண் எண்கள், கதவு அட்டவணைக் குறிகள் அனைத்தையும் நீக்குங்கள். அவை கட்டுமானக்காரருக்கானவை. அறைப் பெயர்கள் ஐந்தாறு, வடக்குக் குறி, அளவுகோல் பட்டை மட்டும் இருக்கட்டும். "1:100" என்று எழுதுவதில் பொருளில்லை, திரைக்குத் திரை அளவு மாறும். பட்டைதான் படத்தோடு சேர்ந்து சுருங்கும். கைபேசிக்கென்று வரைபடத்தை நெடுக்காகத் திருப்பிய ஒரு பதிப்பும் இருந்தால் நல்லது.

ஒரு அலுவலகத்தில் இதைச் சொன்னபோது, மூத்தவர் ஒருவர் "வரைபடம் எங்கள் கையெழுத்து, அதை எளிமையாக்க முடியாது" என்றார். அவருடைய வெட்டுத்தோற்றம் ஒன்றைக் கைபேசியில் காட்டி, அதில் மாடிப்படி எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் தேடினார். மறுவாரம் அவரே புதிதாக வரைந்து அனுப்பினார். மிக அழகாக இருந்தது.

அறிகுறி: முகப்புக்கு வருகிறார்கள், உள்ளே போவதில்லை

அந்நியர் கையில் கைபேசியைக் கொடுத்த சோதனை இங்கேதான் உதவும். அவர் எங்கே நின்றார்?

மெனுவைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை என்றால், அது ஒரு மூலையில் இரண்டு கோடுகளாக ஒளிந்திருக்கிறது. கணினித் திரையில் இடத்துக்கு என்ன பஞ்சம்? அந்தச் சில சொற்களையும் வெளியே வையுங்கள். மெனு கிடைத்தும் புரியவில்லை என்றால் சொற்களைப் பாருங்கள். "சிந்தனை", "தொகுதி", "வெளி" என்றெல்லாம் இருந்தால் எதற்குள் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? பணிகள், எங்களைப் பற்றி, தொடர்பு. சாதாரணச் சொற்கள் சாதாரணமாகத்தான் இருக்கும். கட்டடத்தின் நுழைவாயிலைச் செடிக்குப் பின்னால் மறைத்துவிட்டு அதற்கு ஒரு தத்துவமும் சொல்கிற வடிவமைப்பை நீங்களே மன்னிக்க மாட்டீர்கள்.

சுட்டியைக் கொண்டுபோனால்தான் படத்தின் மேல் பெயர் தோன்றும்படி செய்திருந்தால், கைபேசியில் அந்தப் பெயர் தோன்றவே போவதில்லை. விரலுக்கு மிதந்து நிற்கத் தெரியாது. பெயரைப் படத்துக்குக் கீழே நிரந்தரமாக எழுதுங்கள்.

கீழ்நோக்கி உருட்டினால் பக்கவாட்டில் நகர்கிற தளங்களும் உண்டு. உருட்டும் வேகத்தைத் தளமே தன் கையில் எடுத்துக்கொள்வதும் உண்டு. இரண்டையும் நீக்குங்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுப் பின்செல் பொத்தானை அழுத்தினால் பட்டியலுக்குத் திரும்ப வேண்டும், தளத்தைவிட்டே வெளியேறக் கூடாது. இதையும் கைபேசியில் ஒரு முறை செய்து பாருங்கள்.

அறிகுறி: "எழுத்து கண்ணுக்கே தெரியவில்லை" என்கிறார்கள்

வெள்ளைப் பின்னணியில் மெல்லிய வெளிர்சாம்பல் எழுத்து என்பது இந்தத் துறையின் சீருடை. அணுகல்தன்மைக்கான உலகளாவிய வழிகாட்டி, சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளிமாறுபாடு வேண்டும் என்கிறது. வெள்ளையின் மேல் #999999 என்ற சாம்பல் 2.85தான் தரும். #767676 என்றால் 4.54, அதாவது மயிரிழையில் தேறும். இன்னும் சற்றுக் கறுப்பாக்கினால் யாரும் உங்களை ரசனையற்றவர் என்று சொல்லப்போவதில்லை. வீட்டைக் கட்டும் நிலைக்கு வந்தவர்களில் பலர் படிக்கும் கண்ணாடி அணியும் வயதில் இருப்பவர்கள் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: விசாரணைகள் வருகின்றன, ஆனால் நீங்கள் விரும்பாத வகையில்

இது தொழில்நுட்பக் கோளாறு அல்ல என்பதால் யாரும் இதைக் கோளாறாகவே கருதுவதில்லை. என் அனுபவத்தில் அதிகம் செலவு வைப்பது இதுதான். பள்ளிகளும் நூலகங்களும் செய்ய ஆசைப்படும் அலுவலகத்துக்குச் சமையலறை மாற்றம் கேட்டே அழைப்புகள் வருகின்றன. தளத்தைத் திறந்து பார்த்தால் நாற்பது பணிகள், அவற்றில் முப்பத்தைந்து வீட்டு உள்வேலை. தளம் எதைக் காட்டுகிறதோ அதைத்தானே கேட்பார்கள்?

முதல் வேலை குறைப்பது. எல்லாப் பணிகளின் பெயர்களையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே "இதே மாதிரி இன்னொன்று வந்தால் மகிழ்ச்சியோடு எடுப்போமா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லை என்றால் முன்வரிசையிலிருந்து இறக்கிவிடுங்கள். பத்துப் பன்னிரண்டு மிஞ்சினால் தாராளம். மற்றவை பெயர், ஆண்டு, இடம் மட்டும் கொண்ட எழுத்துப் பட்டியலாக வேறொரு பக்கத்தில் இருக்கட்டும். விரும்பும் வகையில் இரண்டே பணிகள்தான் இருக்கின்றன என்றால் அந்த இரண்டும் முதலில் வரட்டும். போட்டிக்கு அனுப்பித் தோற்ற வடிவமைப்புகூடத் தகுதியானதே, அது போட்டி வடிவமைப்பு என்று வெளிப்படையாகச் சொல்லப்பட்டிருந்தால்.

அந்த வெளிப்படைத்தன்மையை எல்லாப் பணிகளுக்கும் கொடுங்கள். கட்டி முடிந்ததா, கட்டுமானத்தில் இருக்கிறதா, தாளோடு நின்றதா? இது புகைப்படமா, கணினியில் உருவாக்கிய காட்சிப்படமா? முழு வடிவமைப்பும் உங்களுடையதா, வேறொரு அலுவலகத்தில் பணியாற்றியபோது செய்ததா? காட்சிப்படத்தைக் கட்டிய கட்டடம் என்று நம்பி வந்த ஒருவர், முதல் சந்திப்பில் உண்மை தெரிந்துகொண்டு எழுந்து போனதை நான் பார்த்திருக்கிறேன். காட்சிப்படம் மோசமில்லை, மிக நன்றாக இருந்ததுதான் சிக்கல்.

அடுத்தது எழுத்து. பல தளங்களில் பணியின் விவரம் இப்படி இருக்கும்: "ஒளியும் நிழலும் உரையாடும் இடைவெளிகளின் கவிதை." இதை வேறு எந்தக் கட்டடத்தின் கீழ் வைத்தாலும் பொருந்தும் என்பதே அதன் குறை. அதே வீட்டைப் பற்றி வடிவமைத்தவரிடம் வாய்மொழியாகக் கேட்டேன். அவர் சொன்னதை ஏறக்குறைய அப்படியே எழுதினோம்: "மனை நீளமானது, குறுகலானது. இரு பக்கமும் அண்டைக் கட்டடங்களின் சுவர்கள் என்பதால் பக்கச் சன்னலுக்கு வழியில்லை. நடுவில் திறந்த முற்றம் ஒன்றை வைத்து எல்லா அறைகளையும் அதை நோக்கித் திருப்பினோம். இதனால் கேட்ட நான்கு அறைகளில் ஒன்றைக் கைவிட வேண்டியிருந்தது. குடும்பம் ஒரு வாரம் யோசித்துச் சம்மதித்தது." குறுகலான மனையோடு திண்டாடிக்கொண்டிருக்கும் ஒருவர் இதைப் படித்தால் அழைப்பார். எதைக் கைவிட்டோம் என்ற வரி மிக முக்கியம். அதை எழுத எல்லோரும் அஞ்சுகிறார்கள், படிக்கிறவர் நம்புவதோ அந்த வரியைத்தான்.

படங்களிலும் ஒன்று கவனிக்க வேண்டும். ஆள் அரவமே இல்லாத அறைகள், மேசையில் ஒரே ஒரு கிண்ணம். அளவும் தெரியாது, வாழ்க்கையும் தெரியாது. ஒரு படத்திலாவது ஒருவர் கதவைத் திறக்கட்டும். முடிந்தால் குடிபுகுந்து இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து எடுத்த படம் ஒன்றைச் சேருங்கள். சுவர் எப்படி மூப்படைகிறது என்று காட்டத் துணிகிற அலுவலகத்தின் மேல் தானாகவே நம்பிக்கை வரும்.

கட்டணம் பற்றி? தொகையைப் போட வேண்டியதில்லை. ஆனால் எந்த அளவு வேலைகளை எடுப்பீர்கள், முதல் சந்திப்புக்குக் கட்டணம் உண்டா, வரைவிலிருந்து கட்டுமானம் வரை என்னென்ன படிகள் என்று ஒரு பக்கம் எழுதிவிட்டால், பொருந்தாதவர்கள் தாமாகவே விலகுவார்கள். அதுவும் தளம் செய்ய வேண்டிய வேலைதான்.

அறிகுறி: தேடினால் தளம் வருவதில்லை

நிறுவனத்தின் பெயரை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடியும் வரவில்லையா? அப்படியானால் தளம் தேடுபொறிக்குப் பூட்டப்பட்டிருக்கலாம். தளத்தை உருவாக்கும் காலத்தில் யாரும் பார்க்கக் கூடாது என்று போட்ட பூட்டைத் திறக்க மறந்திருப்பார்கள். வேர்ட்பிரஸில் வாசிப்பு அமைப்புகளுக்குள், தேடுபொறிகளைத் தவிர்க்கச் சொல்லும் சிறு கட்டம் ஒன்று இருக்கிறது. அதில் குறி இருந்தால் எடுங்கள். பக்கத்தில் 'பட்டியலில் சேர்க்காதே' என்னும் நோஇண்டெக்ஸ் குறிப்பு இருக்கிறதா, தேடுபொறிகள் எங்கெல்லாம் நுழையலாம் என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பு எல்லாவற்றையும் தடுக்கிறதா என்றும் பாருங்கள். தள உரிமையாளர்களுக்கான கருவியான கூகுள் சர்ச் கன்சோலில் ஒவ்வொரு பக்கமும் ஏன் சேர்க்கப்படவில்லை என்ற காரணம் எழுதியே இருக்கும்.

பெயரைத் தேடினால் வருகிறது, தொழிலைத் தேடினால் வருவதில்லை என்றால் வேறு கதை. பக்கத்தின் மூலக்குறிமுறையைத் திறந்து பாருங்கள். எழுத்தே இல்லை, படங்கள்தான் இருக்கின்றன என்றால் தேடுபொறி எதைப் படிக்கும்? ஒவ்வொரு பணிக்கும் தனி முகவரி, அதன் தலைப்பில் கட்டட வகையும் இடமும், மேலே சொன்ன மாதிரி நாலைந்து பத்தி எழுத்து, ஒவ்வொரு படத்துக்கும் மாற்று உரை ஆகியவை இருக்க வேண்டும். மாற்று உரையில் "படம் 3" என்று எழுதாதீர்கள். "முற்றத்திலிருந்து படிப்பறையைப் பார்க்கும் கோணம், வலப்பக்கம் செங்கல் சல்லடைச் சுவர்" என்று எழுதுங்கள். பார்வையற்ற ஒருவருக்கும் அது பயன்படும். அந்த ஏற்பாட்டின் முக்கியப் பயனே அவருக்குத்தான்.

பொதுச்சொல் ஒன்றையோ மூன்றெழுத்துச் சுருக்கத்தையோ நிறுவனப் பெயராக வைத்துக்கொண்டவர்கள், தலைப்பில் பெயரோடு "கட்டடக் கலை" என்பதையும் சேர்த்தே எழுதுவது நல்லது.

அறிகுறி: புகைப்படக் கலைஞரிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது

கட்டடத்தை நீங்கள் வடிவமைத்திருந்தாலும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் படத்தின் பதிப்புரிமை பல நாடுகளில் எடுத்தவருடையது (இந்தியாவில், பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படம் என்றால், எடுக்கச் சொன்னவருடையது). பதிப்புரிமை எடுத்தவருடையது என்றால் நீங்கள் வாங்கியிருப்பது பயன்பாட்டு உரிமம். அது தளத்துக்கும் சேர்த்தா, எத்தனை ஆண்டுக்கு என்று பழைய ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். பணிப் பக்கத்தில் அவர் பெயரைப் போடுங்கள். வீட்டு உரிமையாளரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். முகவரியோ வாகன எண்ணோ படத்தில் தெரிந்தால் வெட்டிவிடுங்கள்.

அறிகுறி: கடைசிச் செய்தி மூன்று ஆண்டுக்கு முந்தையது

செய்திப் பகுதியை எடுத்துவிடுங்கள். எழுத ஆள் இல்லாதபோது அது அலுவலகம் மூடப்பட்டதோ என்ற ஐயத்தை மட்டுமே உண்டாக்கும். பணிகளைக்கூட ஏற்ற முடியவில்லை என்றால், ஒரு பணியைச் சேர்க்க எத்தனை படிகள் ஆகின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் தளம் அமைத்தவரை அழைக்க வேண்டியிருந்தால் அது நடக்காது. அலுவலகத்தின் இளைய உறுப்பினர் ஒருவர், யாரையும் கேட்காமல், அரைமணி நேரத்தில் ஒரு பணியை ஏற்ற முடிய வேண்டும்.

அறிகுறி: தளமே காணவில்லை

களப்பெயர்ப் பதிவோ பாதுகாப்புச் சான்றிதழோ காலாவதியாகியிருக்கும். நினைவூட்டல் கடிதங்கள், வேலையைவிட்டுப் போய்விட்ட ஒருவரின் முகவரிக்குப் போய்க்கொண்டிருந்திருக்கும். களப்பெயர் நிறுவனத்தின் பெயரிலேயே, பொதுவான ஒரு முகவரியில் பதிவாகியிருக்க வேண்டும். தளம் அமைத்தவரின் பெயரில் இருந்தால் இன்றே மாற்றுங்கள். தளம் அமைப்பவனாக இருந்துகொண்டே இதைச் சொல்கிறேன்.

அறிகுறி: தளத்தைப் புதுப்பித்த பிறகு வருகை சரிந்துவிட்டது

இவ்வளவையும் பார்த்த பிறகும் புதிய தளம்தான் வேண்டும் என்று முடிவு செய்தவர்களுக்கு வரும் நோய் இது. பழைய பக்கங்களின் முகவரிகள் எல்லாம் மாறியிருக்கும். இதழ்களும் பிறரும் ஆண்டுக்கணக்காகக் கொடுத்துவந்த இணைப்புகள் அனைத்தும் "பக்கம் இல்லை" என்ற சுவரில் போய் முட்டிக்கொண்டிருக்கும். பழைய முகவரிகளின் பட்டியலைச் சர்ச் கன்சோலிலிருந்தோ, பழைய தளத்தின் காப்பு நகலிலிருந்தோ எடுங்கள். ஒரு விரிதாளில் இடப்பக்கம் பழைய முகவரி, வலப்பக்கம் அதற்கு ஈடான புதிய முகவரி என்று எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் 301 என்னும் நிரந்தர வழிமாற்றம் இடச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் முகப்புக்கே திருப்பிவிடுவது குறுக்குவழி, அதை ஏற்காதீர்கள். நூலகத்தைத் தேடி வந்தவரை வாசலில் நிறுத்திவிட்டுப் போவது போன்றது அது. இட்டு முடித்ததும் விரிதாளின் இடப்பக்க முகவரிகளில் பத்தை எடுத்து, அதே பழைய கைபேசியில் திறந்து பாருங்கள்.